மண்ணுக்குள் வாழும் துணைவர்கள்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாகப் பால் வெட்டி, பாலை நிறுவைக்குக் கொண்டுசேர்த்து, களைப்போடு வீடு திரும்பியவர்கள் நீங்கள். அக்களைப்பையும் பொருட்படுத்தாது இம்மண்டபத்தில் கூடியிருக்கிறீர்கள். ஆதலின், உங்கள் வாழ்வோடு தொடர்பில்லாத ஒன்றைப் பேசி உங்கள் ஓய்வு நேரத்தைக் கவர்ந்துகொள்ள நாம் விரும்பவில்லை. நீங்கள் நாள்தோறும் மிதித்துச் செல்லும் மண்ணைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம். குறிப்பாக, அம்மண்ணுக்குள் செடிகொடிகளின் வேரோடு வேராக வாழும் பூசணங்களைப் பற்றிச் சில செய்திகளைக் கூறவிருக்கிறோம்.

பூசணம் என்றதும் உங்களுள் பலருக்கு வெள்ளை வேர் நோயே நினைவுக்கு வரும். அது இயல்பே. செழித்து நின்ற இளமரம் திடீரென்று இலை மஞ்சளித்து, வாடி, ஒருநாள் காற்றில் சாய்ந்துவிடுகிறது. அடியைத் தோண்டிப் பார்த்தால் வேரின்மேல் வெள்ளைக் கயிறுகள் படர்ந்திருக்கின்றன. அதைக் கண்டவர்கள் பூசணம் என்றாலே பகை என்று எண்ணுவது வியப்பன்று. ஆயினும் அவ்வெண்ணம் பாதி உண்மையே. பகையை ஒழிக்கும் முயற்சியில் துணையையும் சேர்த்து ஒழித்துவிட்டால், இழப்பு நமக்கே. மற்றப் பாதி உண்மையை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

மூவகைப் பூசணங்கள்

பூசணத்திற்கு இலையும் இல்லை, பச்சையமும் இல்லை. ஆதலால் அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, பிறரிடமிருந்தே பெறவேண்டும். எவ்வாறு பெறுகிறது என்பதை வைத்துப் பூசணங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகை, இறந்ததை உண்பது. மழைக்குப் பின்னர், சாய்ந்து கிடக்கும் பால்மரக் கட்டைகளில் சிறு விசிறி போன்ற வெண்மை கலந்த சாம்பல்நிறக் காளான்கள் அடுக்கடுக்காக முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலாய் மக்கள் அதனைச் 'செண்டாவான் கூக்கூர்' என்பர். அதைப் பறித்து வந்து கறி சமைப்போரும் உண்டு. அக்காளான் பட்டுப்போன கட்டையை மக்கச்செய்து மண்ணாக்குகிறது. உதிர்ந்த இலைக் குவியலைக் கிளறினால் தென்படும் மெல்லிய வெள்ளை இழைகளும் பெரும்பாலும் இவ்வகையே. இவை நிலத்தின் துப்புரவுப் பணியாளர்கள்.

இரண்டாம் வகை, உயிருள்ளதைக் கொன்று உண்பது. வெள்ளை வேர் நோய்ப் பூசணம் இவ்வகையைச் சேர்ந்தது. 1904ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் இந்நோயை முதன்முதலில் கண்டறிவித்தவர் ரிட்லி. மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை வகுத்தளித்தவரும் அவரே. இப்பூசணம் பழைய அடிக்கட்டைகளில் தங்கியிருந்து, வேர்வழியே அடுத்த மரத்திற்குப் பரவுகிறது. தடித்த வெள்ளைக் கயிறு போன்ற இழைகள் வேர்ப்பட்டையோடு இறுக ஒட்டிக்கிடந்தால், அது இப்பகைவனாக இருக்கலாம்; காலம் தாழ்த்தாது மேற்பார்வையாளரிடம் கூறுங்கள்.

மூன்றாம் வகை, உயிருள்ள வேரோடு உடன்பாடு செய்துகொண்டு வாழ்வது. இது வேரைக் கொல்வதில்லை. வேருக்கு உழைத்து, அதற்குரிய ஊதியத்தைப் பெற்றுக்கொள்கிறது. நாம் இன்று பேச வந்த துணைவர்கள் இவர்களே. உங்கள் பால்மரத்தின் வேரினுள் வாழும் இத்துணைவர்களை வெறுங்கண்ணால் காண இயலாது. கண்ணில் படாத காரணத்தால், நெடுங்காலமாக இவர்களைப் பற்றிப் பேசுவாரும் இலர்.

மண்ணைச் சமைத்த கதை

இவ்வுண்மையை நாம் முதலில் நூலில் படித்து அறியவில்லை; தவறு செய்து அறிந்தோம். அதை உங்களிடம் ஒளிக்காமல் கூறுவதே முறை.

ஆசிரியப் பயிற்சி முடித்துத் தோட்டப்புறப் பள்ளியொன்றில் பணியேற்ற புதிதில், மாணவர்களைக் கொண்டு பள்ளியில் ஒரு நாற்றங்கால் அமைத்தோம். முதலில் இட்ட எலுமிச்சை நாற்றுகள் அடி அழுகி மடிந்தன. மண்ணில் நோய் இருக்கிறது என்று முடிவு செய்தோம். மண்ணைத் தகரத்தில் கொட்டி, அடியில் விறகு மூட்டி, நன்றாக வறுத்தெடுத்தோம். அம்மண்ணைப் பைகளில் நிரப்பி மீண்டும் விதையிட்டோம். இம்முறை நாற்றுகள் அழுகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. நான்கைந்து இலை விட்டதும் அப்படியே நின்றுவிட்டன. இலைகள் சிறுத்து வெளிறின. நீரூற்றினோம், சிறிது உரமும் இட்டோம். பயன் மிகவும் குறைவாகவே இருந்தது.

பள்ளிக்கு அருகிலிருந்த லயத்தில் ஒரு மூதாட்டி வாழ்ந்து வந்தார். களையெடுக்கும் வேலையிலேயே ஆயுளைக் கழித்தவர். பேரனை அழைத்துப்போக வந்தவர் நாற்றுகளை உற்றுப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். "மண்ணையும் சமைச்சுப்புட்டீங்களா, வாத்தியாரய்யா? சமைச்ச மண்ணுல என்ன இருக்கும்?" என்றார். மறுநாள் தம் வீட்டு எலுமிச்சை மரத்தடியிலிருந்து நுண்வேரோடு கூடிய மண்ணை ஒரு வாளி கொண்டுவந்தார். எல்லாப் பைகளிலும் ஒவ்வொரு பிடி இடச் சொன்னார். நாமோ பாதிப் பைகளில் மட்டும் இட்டு, மற்றப் பாதியை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்தோம்.

சில வாரங்கள் சென்றன. பிடி மண் பெற்ற நாற்றுகள் புதுத்தளிர் விட்டு எழுந்தன. பெறாதவை அப்படியே நின்றன. மாணவர்கள் அளவுகோல் வைத்து அளந்து வேறுபாட்டைக் குறித்துக்கொண்டார்கள். பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது, இதே செய்தி அமெரிக்காவிலும் நிகழ்ந்திருந்ததை அறிந்தோம். அங்கே நச்சுப்புகை மருந்திட்டு மண்ணைத் தூய்மை செய்த நாற்றங்கால்களில், எலுமிச்சை இனத்து நாற்றுகள் குன்றிப்போயின. வேரோடு வாழும் பூசணம் அம்மண்ணில் அழிந்துபோனமையே அதற்குக் காரணம் என்று கிளைன்ஷ்மிட், கெர்டமன் என்னும் இரு அறிஞர்கள் 1972ஆம் ஆண்டில் விளக்கினர். அம்மூதாட்டி அந்த ஆய்வை அறிந்தவர் அல்லர். எனினும், மண்ணில் ஏதோ ஒன்று உயிரோடு இருந்தால்தான் செடி எழும் என்பதைத் தம் கைகளால் அறிந்திருந்தார்.

கொடுக்கல் வாங்கல்

அந்த உடன்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இனிக் காண்போம்.

செடிக்கு வேண்டிய சத்துகளுள் பாஸ்பரஸ் மிக முக்கியமானது. வேர் விடவும் தண்டு பருக்கவும் அது வேண்டும். ஆனால் அது மண்ணில் எளிதில் நகராத சத்து. நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. அவை பாஸ்பரஸை இறுகப் பற்றிக்கொள்கின்றன. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிலுள்ள பாஸ்பரஸை எடுத்து முடித்ததும், அப்பாலுள்ளது அதன் கைக்கு எட்டுவதில்லை. சட்டியில் சோறிருந்தும் கை எட்டாத குழந்தையின் நிலை அது.

இங்கேதான் பூசணம் துணைக்கு வருகிறது. அதன் இழைகள் தலைமுடியைவிட மிகவும் மெல்லியவை. வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளிலும் அவை நுழையும். வேரிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவுவரை பரவி, அங்குள்ள பாஸ்பரஸைத் திரட்டி வேருக்குக் கொண்டுவரும். துத்தநாகம், செம்பு போன்ற சிறு சத்துகளையும் கொணரும். வேருக்குள் புகுந்ததும், அங்குள்ள நுண்ணறைகளில் ஒரு சிறு மரம்போலக் கிளைத்து நிற்கும். அக்கிளைகளே இருவருக்கும் இடையிலான சந்தை. கொண்டுவந்த சத்து அங்கே கைமாறுகிறது. அதற்கு ஈடாக, இலைகள் வெயிலில் ஆக்கிய சர்க்கரையும் கொழுப்பும் பூசணத்திற்குக் கிடைக்கின்றன. செடி ஆக்கும் உணவில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை இவ்வாறு பூசணத்திற்குச் செல்வதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சிறிய கூலி அன்று அது. அவ்வளவு கொடுத்தும் செடிகள் இவ்வுடன்பாட்டைக் கைவிடவில்லை என்றால், அதனால் வரும் பயன் எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அக்கூலியும் கண்மூடித்தனமாக வழங்கப்படுவதன்று. மிகுதியாகச் சத்துக் கொண்டுவரும் பூசணத்திற்கு வேர் மிகுதியாக உணவளிக்கிறது. குறைவாகக் கொணர்வதற்குக் குறைத்தே அளிக்கிறது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இதனைக் காட்டியது. உழைப்புக்கேற்ற ஊதியம் என்னும் கொள்கை மண்ணுக்குள்ளும் நிலவுகிறது!

இவ்வகைப் பூசணத்தைப் பற்றி ஒன்றை நன்கு நினைவிற் கொள்ளவேண்டும். உயிருள்ள வேர் இன்றி அது வளர்ந்து பெருக இயலாது. அதன் நுண்வித்துகள் மண்ணில் சில காலம் காத்திருக்கும். வேர் கிடைக்காவிடில் நாளடைவில் குறைந்து போகும். நிலத்தை வெறுமையாக விடுவது, இத்துணைவர்களைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

அறிஞர்கள் கண்டறிந்தவை

இவ்வுடன்பாடு மிகப் பழமையானது. ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்னும் ஊரருகே கிடைத்த கல்லாய்ப்போன செடிகளின் வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள். அச்செடிகளுக்கு உண்மையான வேர்கூட இல்லை. ஆயினும் அவற்றின் தண்டினுள் இதே சிறுமர வடிவப் பூசணம் இருந்ததை 1994ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். நிலத்தில் செடிகள் குடியேறிய காலத்திலேயே பூசணங்களும் துணைக்கு வந்துவிட்டன என்பது இதனால் புலனாகிறது.

இவ்வாழ்க்கைக்குப் பெயரிட்டவர் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர். நிலத்தடியில் விளையும் விலையுயர்ந்த காளானைப் பயிரிட வழி காணுமாறு அவர் பணிக்கப்பட்டார். அக்காளான் மரவேரோடு பிணைந்திருப்பதை அவர் கண்டார். பூசணம், வேர் என்னும் பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1885ஆம் ஆண்டில் 'மைக்கொரைசா' என்று பெயர் சூட்டினார். தமிழில் நாம் அதனை வேர்ப்பூசணம் என்று சொல்லலாம்.

பால்மரமும் இதற்கு விலக்கன்று. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வாஸ்டி என்பார், பால்மர வேரினுள் இப்பூசணம் வாழ்வதை விளக்கி 1965ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டார். 1979ஆம் ஆண்டில் இலங்கை ரப்பர் ஆராய்ச்சியாளர்கள், நம் தோட்டங்களிலும் மூடுபயிராகப் படரும் பியுரேரியா கொடியை ஆராய்ந்தனர். வேர்ப்பூசணத்தின் துணையால் அக்கொடி பாறைப் பாஸ்பேட் உரத்திலிருந்து சத்தை எடுத்து வளர்வதை அவர்கள் காட்டினர். பியுரேரியாவின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்ப்பவை. அம்முடிச்சுகள் வேலை செய்யப் பாஸ்பரஸ் வேண்டும். ஆகவே பூசணம் கொடிக்கு உதவ, கொடி மண்ணுக்கு உதவ, மண் பால்மரத்திற்கு உதவுகிறது. நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்களும் நாற்றங்கால் கன்றுகளுக்கு இப்பூசணத்தை இட்டுச் சோதித்து, 1992ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

எத்தனை வகை? எவ்வாறு எண்ணுவது?

வேர்ப்பூசணம் என்பது ஒரே இனமன்று. நிலத்தில் வாழும் செடியினங்களில் பத்தில் ஏழு அல்லது எட்டுப் பங்கு, பால்மரத்தைப் போன்று வேருக்குள் புகும் பூசணத்தோடு வாழ்பவை. செம்பனை, கொக்கோ, வாழை, மிளகாய், கத்தரி, சோளம் ஆகியன யாவும் இதில் அடங்கும். இவ்வகையில் 300க்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயரிட்டுள்ளனர்.

காட்டிலுள்ள மெராந்தி, கெருயிங், செங்கால் போன்ற மரங்களின் துணைவர்கள் வேறு வகை. அவை வேருக்குமேல் உறைபோலப் போர்த்திக்கொண்டு, மழைக்காலத்தில் பல நிறக் காளான்களாக நிலத்தின்மேல் தலைகாட்டும். நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ வனத்தில், 1980களில் 50 எக்டர் நிலத்தை அளந்து மரங்களை எண்ணியபோது 800க்கும் மேற்பட்ட மரவகைகள் இருந்தமை தெரியவந்தது. அதே வனத்தின் காளான்களைக் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் லீ சூ சீ, எடின்பரோவைச் சேர்ந்த வாட்லிங் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டவற்றுள் பல, அதுவரை எவராலும் பெயரிடப்படாதவை. ஆர்க்கிட் மலர்ச்செடிகளுக்கோ இன்னொரு வகைத் துணைவர்கள் இருக்கின்றனர். தூசி போன்ற அதன் விதையில் உணவுச் சேமிப்பு இல்லாமையால், காட்டில் பூசணம் ஊட்டினால்தான் அது முளைக்கும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றை எவ்வாறு எண்ணுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் மண்ணைத் தொட்டுச் செய்யும் வேலைதான். நிலத்தில் ஓரிடத்து மண் மட்டும் போதாது. பல இடங்களில், நுண்வேர்கள் மிகுந்த மேல்மண்ணை எடுக்கவேண்டும். அம்மண்ணை நீரில் கலக்கி, சிறிது தெளியவிட்டு, ஒன்றைவிட ஒன்று நுண்ணிய கண்களையுடைய சல்லடைகளில் ஊற்றுவர். 1963ஆம் ஆண்டில் கெர்டமன், நிக்கல்சன் என்னும் இருவர் வகுத்தளித்த முறை இது. சல்லடையில் தங்கியதை நுண்நோக்கியால் பார்த்தால், வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு எனப் பல நிறங்களில் சிறு உருண்டைகள் தோன்றும். அவையே பூசணத்தின் நுண்வித்துகள். அவற்றின் அளவு, நிறம், தோலின் அடுக்கு ஆகியவற்றைக் கொண்டு இனம் பிரிப்பர்.

வேரையும் தனியே ஆராய்வர். நுண்வேர்களைக் கார நீரில் வேகவைத்து நிறம் நீக்கி, நீலச்சாயம் ஏற்றினால், வேருக்குள் கிளைத்து நிற்கும் பூசணம் நீல நிறத்தில் தெளிவாகத் தெரியும். நூறு இடங்களில் பார்த்து எத்தனை இடங்களில் பூசணம் உள்ளது என்று எண்ணினால், வேரில் எவ்வளவு பங்கு குடியேறியுள்ளது என்று கூறலாம்.

இம்முறைகளிலும் ஒரு குறையுண்டு. மண்ணில் மிகுதியான வித்துகளை விடும் பூசணம், வேரில் மிகுதியாக உழைப்பதாக இருக்கவேண்டும் என்பதில்லை. சில இனங்கள் வித்தே அரிதாக விட்டு வேருக்குள் மறைந்து வாழும். ஆகவே இந்நாளில் வேரிலும் மண்ணிலும் உள்ள மரபணுக்களைப் பிரித்தெடுத்துப் படித்து, அங்குள்ள இனங்களைக் கண்டறிகின்றனர். ஒரு பிடி மண்ணைக் கொண்டு, அதில் வாழ்வோரின் பெயர்ப்பதிவேட்டையே தயாரிப்பதற்கு ஒப்பான செயல் இது. உலகெங்கும் உள்ள இத்தகைய பூசணங்களை வரைபடமாக்கிப் பாதுகாக்கும் நோக்கத்தோடு 2021ஆம் ஆண்டில் ஒரு தனிச் சங்கமே தொடங்கப்பட்டது.

வகை பல இருப்பதால் என்ன பயன்?

ஒரு வகை இருந்தால் போதாதா என்னும் கேள்வி எழலாம். தோட்டத்தில் பால் வெட்டுவோர் மட்டும் இருந்து, களையெடுப்போரும் உரமிடுவோரும் ஆலையில் வேலை செய்வோரும் இல்லாவிட்டால் தோட்டம் நடக்குமா? மண்ணிலும் அப்படியே. ஒரு பூசணம் தொலைவிலிருந்து சத்துக் கொணர்வதில் வல்லது. இன்னொன்று வேருக்கருகில் அடர்ந்து நின்று சில நோய்க்கிருமிகளைத் தடுப்பதில் வல்லது. வேறொன்று புளிப்பு மிகுந்த மண்ணைத் தாங்கும்.

1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்தியது. வட அமெரிக்கப் புல்வெளிச் செடிகளின் விதைகளைத் தொட்டிகளில் இட்டு, சிலவற்றில் ஒரே வகைப் பூசணத்தையும், மற்றவற்றில் படிப்படியாக 14 வகைகள் வரையும் சேர்த்தார்கள். பூசண வகைகள் மிகுந்த தொட்டிகளில் செடிவகைகளும் மிகுந்தன; விளைச்சலும் மிகுந்தது; மண்ணில் பயன்படாமல் எஞ்சிய பாஸ்பரஸும் குறைந்தது.

நம் முன்னோர் வாழ்க்கையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், அரிசி கிடைக்காமல் தோட்ட மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் காத்த வரலாறு உங்கள் வீட்டுப் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டதே. உரமின்றி, ஏழை மண்ணிலும் அக்கிழங்கு எவ்வாறு விளைந்தது? மரவள்ளியின் வேர் தடித்தது, நுண்மயிர் குறைந்தது. தனித்து நின்றால் பாஸ்பரஸ் எடுக்க மிகவும் திணறும் பயிர் அது. கொலம்பியா நாட்டிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் இதனை ஆராய்ந்தார்கள். பூசணம் அழிக்கப்பட்ட மண்ணில் நட்ட மரவள்ளி வளராமல் குன்றியது; பூசணம் சேர்த்ததும் எழுந்தது. நம் பாட்டன் பாட்டிமார் பசியாறிய கிழங்கின் பின்னால், அவர்கள் கண்ணில் ஒருபோதும் படாத உழைப்பாளர் கூட்டம் ஒன்று இருந்தது.

நாம் செய்யத்தக்கவை

கேட்டவற்றைக் கையாளும் வழிகளை இனிக் கூறுவோம்.

முதலாவதாக, மறுநடவுக் காலம். பழைய மரங்களை வீழ்த்திய பின்னர் நிலம் நீண்ட நாள் வெறுமையாகக் கிடத்தல் ஆகாது. மூடுபயிர் விதைக்கும் பணி உங்களிடம் ஒப்படைக்கப்படும்போது, அதனைச் சில்லறை வேலை என்று கருதாதீர்கள். அக்கொடியின் உயிருள்ள வேர்களில்தான் துணைப்பூசணங்கள் பிழைத்திருந்து புதுக்கன்றுகளுக்குக் குடியேறும். அதே கொடி பழைய அடிக்கட்டைகள் விரைவில் மக்கவும் உதவுவதால், வெள்ளை வேர் நோயின் உறைவிடமும் குறைகிறது. துணையைக் காத்துப் பகையைக் குறைக்கும் இரட்டைப் பணி அது. கன்று நட்டுப் பால் வெட்டத் தொடங்க ஏறத்தாழ 5 முதல் 7 ஆண்டுகள் ஆகின்றன. வளர்ச்சி குன்றிய மரம் கத்திக்கு வரத் தாமதித்தால், அத்தாமதம் உங்கள் வருமானத்தையே தொடுகிறது.

இரண்டாவதாக, நாற்றுப் பைகள். பை நிரப்பும்போது ஆழத்தில் தோண்டிய அடிமண்ணைக் காட்டிலும், நுண்வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணே சிறந்தது. ஆனால் நோய் கண்ட இடத்து மண்ணை ஒருகாலும் எடுத்தல் ஆகாது. துணைவர்களை அழைத்துவரும் மண்ணே பகைவனையும் அழைத்து வந்துவிடும். நலமாக நிற்கும் மரத்தடியிலிருந்து, மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு எடுத்தலே முறை.

மூன்றாவதாக, மேல்மண்ணைக் காத்தல். பால்மரத்தின் உணவு தேடும் நுண்வேர்களும் துணைப்பூசணங்களும் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே வாழ்கின்றன. சரிவு நிலத்தில் படிவரப்பு உடைந்திருந்தால் ஒரு மழையிலேயே அவை ஆற்றுக்குப் போய்விடும். உடைப்பைக் கண்டதும் கூறுங்கள். இலைச் சருகை வீணே கூட்டி எரிக்காதீர்கள்.

நான்காவதாக, வீட்டுத் தோட்டம். மிளகாய், கத்தரி, வெண்டை, பயற்றங்காய், சோளம் ஆகியன பூசணத்தோடு நன்கு உறவாடுபவை. சாவி, முட்டைக்கோசு போன்ற கடுகு இனப் பயிர்கள் அவ்வுறவை ஏற்பதில்லை. தண்டுக்கீரை இனமும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே ஒரே பாத்தியில் கீரையையே மீண்டும் மீண்டும் போடாமல், இடையில் பயறோ சோளமோ விதைத்தால் மண்ணிலுள்ள துணைவர்களுக்கு இருப்பிடம் கிடைக்கும்.

ஐந்தாவதாக, ஓர் எச்சரிக்கை. பூசணம் இருப்பதால் உரமே வேண்டாம் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். பூசணம் சத்தைக் கொண்டுவரும். இல்லாத சத்தை உண்டாக்காது. அதேபோல், அளவுக்கு மீறிப் பாஸ்பேட் உரமிட்டால், வேர் தானே சத்தைப் பெற்றுக்கொண்டு பூசணத்திற்கு உணவளிப்பதைக் குறைத்துவிடும். வேர்ப்பூசணம் என்று எழுதிப் பொட்டலமாகவும் புட்டியாகவும் விற்கும் பொருள்களும் இந்நாளில் கடைகளில் உண்டு. அவற்றுள் எது நம் மண்ணில் உயிரோடு வேலை செய்யும் என்பதை வெளித்தோற்றம் கொண்டு அறிய இயலாது. பணம் கொடுக்குமுன், வேளாண்மை இலாகா அதிகாரியையோ ரப்பர் வாரியத்தின் அதிகாரியையோ கலந்து கேளுங்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் துணைவர்களைக் காப்பதற்கு ஒரு காசும் தேவையில்லை.

பெருமக்களே! எமது மாணவர்கள் அன்று நாற்றுகளை அளந்து எழுதிய அந்தக் குறிப்பேட்டை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறோம். அதில் மூதாட்டியின் பெயர் இல்லை. அறிவியல் பாடம் என்று மட்டுமே எழுதியிருக்கிறது. உண்மையில் அப்பாடத்தை நடத்தியவர் அவரே. மண்ணைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறப்பதன்று. ஆய்வாளர் சல்லடையால் கண்டதை நீங்கள் மண்வெட்டியால் காத்துவருகிறீர்கள். எந்தப் பாத்தியில் எது நன்றாக வளர்கிறது, எந்த நிரையில் மரம் சோர்கிறது என்பதை முதலில் காண்பவர்கள் நீங்களே. கண்டதைக் கூறுங்கள், ஐயம் எழுந்தால் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.